பச்சைக் கயிறு கட்டிய பிளக்

ஐயா,

இதைப் புதன்கிழமை காலை நீ அலுவலகத்துக்குக் கிளம்புவதற்குள் படித்துவிடு. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ பத்து தடவை "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து உன் கையில் தருவார். நீ படித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்படி சொல்லி அனுப்புகிறேன். அவருக்கு ஒரு காபி கொடு, சர்க்கரை வேண்டாம், கேட்டாலும் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். உனக்குப் பதவி உயர்வு வந்த சந்தோஷத்தில் இசக்கி மாமாவையும் கூப்பிட்டிருந்தோம். நீ உன் கண்டெய்னர் யார்டு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். போன வாரம் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியபோது ஒரு வரிசைக் குளிர்பெட்டிகளுக்கு மட்டும் மின்சாரம் வரவில்லை. காதர் என்கிற உன் டெக்னீஷியன் அதை நாலு மணி நேரம் கவனிக்கவில்லை, பிறகு அவரே அதை எழுதி வைத்துவிட்டு உன்னிடம் வந்து சொல்லியிருக்கிறார். ஒரு கண்டெய்னர் இறால் கப்பல் ஏற முடியாமல் போனது. வெளிநாட்டுக்காரன் மெயிலுக்கு மேல் மெயில் அனுப்புகிறான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, காதரை வேலையை விட்டு நீக்குகிற கடிதம் தயார், புதன்கிழமை எல்லாரையும் மீட்டிங் ஹாலுக்குக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் கொடுக்கப் போகிறேன் என்றாய். "ஒருத்தனைத் தூக்குனாத்தான் மத்தவன் ஒழுங்கா இருப்பான்" என்றாய். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி அப்படியே நின்றுவிட்டது. உனக்குத் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு நீ மாமாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "மாமா மாதிரி ஈரக் கையோட பிளக்கத் தொடுத ஆளுகதான் எனக்கும் வந்து வாச்சிருக்கானுவ." மாமாவும் சிரித்தான். நீ சின்ன வயசிலிருந்து அவனைக் கேலி செய்கிற விஷயம்தானே அது. அவன் ஸ்பூனில் சாப்பிடுவதைப் பார்த்து நீ பத்து வயதில் "மாமா வெள்ளக்காரன்" என்பாய், அவனும் அதற்குத் தகுந்த மாதிரி இங்கிலீஷில் ஏதாவது உளறுவான். வலது கையில் மூன்று விரல் மடங்காதவன் வேறு எப்படிச் சாப்பிடுவான்? அன்றைக்கு அவன் சிரித்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு எரிந்தது. அவன் கை போனதற்குக் காரணம் அவன் இல்லை, நான். இருபத்தைந்து வருஷமாக இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லப் போகிறேன், ஏனென்றால் நான் செய்ததை அப்படியே வரி பிசகாமல் நீயும் செய்யப் போகிறாய்.

நான் வேலை பார்த்த யார்டு உனக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகிற சாலையில், லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில். ஸ்ரீவைகுண்டத்தில் வயலும் வாய்க்காலுமாக இருந்த குடும்பத்திலிருந்து பி.காம் முடித்துவிட்டு டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள், பதினோரு வருஷத்தில் யார்டு மேனேஜர் ஆனேன். பொம்பளை மேனேஜர் என்று பக்கத்து யார்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்த காலம். ஒரு தப்புகூட என் யார்டில் நடக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. அதைத் தப்பென்று இப்போதும் சொல்ல மாட்டேன். தப்பு நடக்கக் கூடாது என்று நினைத்தவள், தப்பு என் காதில் விழக் கூடாது என்கிற மாதிரி நடந்துகொண்டேன். அந்த வித்தியாசம் எனக்குப் புரியவில்லை.

ரீஃபர் கண்டெய்னர்களுக்கு, அந்தக் குளிர்பெட்டிகளுக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குளிர் அளவைப் பார்த்து எழுத வேண்டும். உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, இப்போது நீ திரையில் பார்க்கிறாய், நாங்கள் தாளில் எழுதினோம். என்னிடம் மிக்கேல் என்று ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கும், வேலை சுத்தமாக இருக்கும். ஒரு நாள் கணவாய் மீன் ஏற்றிய பெட்டி ஒன்று மூன்று மணி நேரம் ஓடாமல் நின்றிருக்கிறது. அவர் நேராக என் அறைக்கு வந்து, "மேடம், நான் பாக்காம விட்டுட்டேன். சீட்டுலயும் எழுதிருக்கேன்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாரையும் வரச் சொன்னேன். அவர்கள் முன்னால் மிக்கேலுக்கு வேலையை விட்டு நீக்குகிற கடிதத்தைக் கொடுத்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னேன். இது பரம்பரை வியாதியோ என்னவோ.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என் யார்டு மாதிரி யார்டு தூத்துக்குடியிலேயே இல்லை. சீட்டைப் பார்த்தால் மேலிருந்து கீழ் வரை மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு. ஒரு பெட்டி நிற்கவில்லை, ஒரு ஃபியூஸ் போகவில்லை, ஒருவனும் ஒரு தப்பும் செய்யவில்லை. உப்புக் காற்றில் இரும்புக் கேட்டே மூன்று வருஷத்தில் அரித்துப்போகிற ஊர் இது. அங்கே அத்தனை பிளக்கும் சுவிட்சும் இரண்டு வருஷமாகப் பழுதே ஆகாமல் இருந்தால், அறிவுள்ள மேனேஜர் பயந்திருக்க வேண்டும். நான் பெருமைப்பட்டேன். அந்தச் சீட்டுகளை ஃபைலில் போட்டு, மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவேன்.

இசக்கி அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நான்தான் சேர்த்துவிட்டேன். அக்கா மேனேஜர் என்பதால் அவனுக்கு எந்தச் சலுகையும் கிடையாது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவனும் யார்டுக்குள் என்னை "மேடம்" என்றுதான் கூப்பிடுவான். வீட்டுக்கு வந்ததும் "யக்கா, மேடம் இன்னைக்கு ரொம்பக் கத்திட்டாவ" என்று என்னிடமே என்னைப் பற்றி வத்தி வைப்பான்.

பிளக்குகள் மாட்டியிருக்கிற ஸ்டாண்டில் அங்கங்கே பச்சைக் கயிறு கட்டியிருப்பதை நான் தினமும் பார்ப்பேன். மீன் வலை பின்னுகிற நைலான் கயிறு. நம் ஊரில் அது எங்கே பார்த்தாலும் கிடக்கும், லாரியில் கட்டியிருக்கும், சைக்கிள் கேரியரில் கட்டியிருக்கும், சாப்பாட்டுத் தூக்கில் கட்டியிருக்கும். யாரோ எதற்கோ கட்டிய குப்பை என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள் நம் மீனை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் யார்டைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. ஸ்டாண்டைக் கழுவி, பெயிண்ட் அடித்து, தொங்குகிற கந்தல் கயிறு எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னேன். துப்புரவு வேலை பார்த்த பேச்சியம்மா கத்தரிக்கோலோடு வந்து வாசலில் நின்றாள். "யம்மா, இந்தப் பச்சக் கயிறயும் எடுக்கணுமா?" என்று கேட்டாள். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஏளா, எல்லாத்தையும்னா எல்லாத்தையுந்தான்" என்றேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். அவள் அப்படி நின்றது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது, ஐயா. அந்த யார்டில் இரண்டு வருஷத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்ட ஒரே ஆள் அவள்தான். அவளையும் நான் பேச விடவில்லை.

அந்தக் கயிறு என்னவென்று பிறகுதான் தெரிந்தது. சுவிட்சை அணைத்தாலும் உள்ளே கரண்ட் நிற்கிற பிளக்குக்கு அவர்கள் கட்டி வைத்த அடையாளம் அது. பழுது என்று எழுதிக் கொடுத்தால் யார் கெடுத்தது, எப்போது கெட்டது, ஏன் பார்க்கவில்லை என்று நான் நிற்க வைத்துக் கேட்பேன். அதனால் எழுதுவதை விட்டுவிட்டார்கள். கயிறு கட்டினால் யாரும் அதைத் தொடுவதில்லை. எலக்ட்ரீஷியன் யாராவது எனக்குத் தெரியாமல் பழுது பார்த்துவிட்டால் கயிறை அவிழ்த்துவிடுவார்கள். ஷிப்ட் மாறும்போது கேட் பக்கத்து டீக்கடையில் புது ஆளுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். என் ஆபீஸில் இருந்த ஃபைல்களையெல்லாம் விட அந்தக் கயிறுகளில்தான் யார்டின் உண்மையான கணக்கு இருந்தது. நான் அதைக் கத்தரிக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு இசக்கி வந்தான். மூன்றாம் வரிசை ஏழாம் பிளக்கில் கயிறு இல்லை. புதுப் பெயிண்ட் வேறு பளபளவென்று இருந்தது. சரி, வெளிநாட்டுக்காரன் வருகிறான் என்று பழுது பார்த்துவிட்டார்கள் போல என்று நினைத்தான். அப்படித்தானே யாரும் நினைப்பார்கள்? சுவிட்சை அணைத்தான், முறைப்படி. ஸ்டாண்டைக் கழுவிய தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடித்து இழுத்தான்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு நினைவு வந்ததும் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "யக்கா, உன் வேலைக்கு ஒண்ணும் வந்துராதுல்லா?" அப்போது அப்பா வேலை பார்த்த மில் மூடியிருந்தது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது, உன் பள்ளிக்கூடமும். மேலிடத்துக்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியாமல் அவன் கட்டில் பக்கத்தில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "என் கவனக்குறைவுன்னே எழுதிரு. நான் யாருட்டயும் மாத்திச் சொல்ல மாட்டேன்" என்றான். நான் எழுதினேன். 'ஊழியர் ஈரக் கையோடு பிளக்கைத் தொட்டதே காரணம்.' கீழே கையெழுத்துப் போட்டேன். உனக்கும் அதையே சொன்னேன். நீ அதை வைத்து இருபத்தைந்து வருஷம் சிரித்தாய். உன் மேல் குற்றம் இல்லை. நாங்கள் கொடுத்த தகவலை வைத்துத்தானே நீ சிரித்தாய்.

பொய்யாக எழுதிய காரணத்துக்கு என்ன வைத்தியம் நடந்தது என்பதையும் கேள். கவனக்குறைவு என்றால் கவனம் வர வேண்டும், ஈரக் கை என்றால் கை நனையாமல் இருக்க வேண்டும். எல்லாருக்கும் ரப்பர் கையுறை வாங்கினோம், சுவரில் எச்சரிக்கைப் பலகை மாட்டினோம். பிளக் அப்படியே இருந்தது. இரண்டு மாதம் கழித்து இன்னொருவனைத் தூக்கி எறிந்தது, நல்ல வேளை, கையுறை இருந்ததால் தோள்பட்டையில் அடிபட்டதோடு தப்பித்தான். அதற்குப் பிறகுதான் மேலிடத்தில் சண்டை போட்டு அந்த வரிசையை முழுவதும் மாற்றினேன். சண்டை போட்டபோதுகூட அறிக்கை பொய் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

மிக்கேலைத் தேடிப் போனேன். அவர் அப்போது ஒரு ஐஸ் கம்பெனியில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என்னை அனுப்புனதுல எனக்கு வருத்தமெல்லாம் போயிட்டு, மேடம். ஆனா அன்னைக்கு அந்த ரூம்ல பதினோரு பேரு நின்னானுவ. அவனுவ என்னத்த படிச்சிட்டுப் போனானுவன்னு நீங்க பாத்தியளா?" நான் பார்க்கவில்லை. நான் மிக்கேலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு செய்யாதே என்று அவர்களுக்குப் பாடம் எடுத்ததாக நினைத்தேன். தப்பை மேடத்திடம் சொல்லாதே என்பதைத்தான் அவர்கள் படித்தார்கள். நல்ல மாணவர்கள், ஒரே நாளில் படித்துவிட்டார்கள். அதை மறக்கவைக்க எனக்கு ஆறு வருஷம் ஆனது.

நீ சென்னையில் போய்ப் படித்துவிட்டு வந்த பயிற்சியின் புத்தகத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தாய். எடுத்துப் பார்த்தேன். நிறுவனத்தின் அறிவை எப்படிச் சேகரிப்பது, எங்கே சேமிப்பது, யாருக்கு எந்தத் திரையில் காட்டுவது என்று அம்புக்குறி போட்டுப் போட்டு வரைந்திருக்கிறார்கள். நல்ல புத்தகம்தான். உன் மென்பொருளும் நல்லதுதான், நான் பழைய காலத்துக்காரி என்று நினைத்துவிடாதே, என் காலத்தில் அது இருந்திருந்தால் முதலில் வாங்கியவள் நானாகத்தான் இருந்திருப்பேன். ஆனால் உன் திரையில் பச்சை விளக்கு எரிய ஒரு ஆள் எங்கோ ஒரு பட்டனை அழுத்துகிறான். அவன் எந்தப் பயத்தோடு அழுத்துகிறான் என்பது திரையில் வராது. நாலு மணி நேரம் ஒரு வரிசைக்குக் கரண்ட் இல்லை என்பதை உன் மென்பொருள் உனக்குச் சொல்லவில்லையே. காதர் சொன்னதால்தான் உனக்குத் தெரியும். அவர் நினைத்திருந்தால் ஒரு பொய் எண்ணைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். அந்த இறால் கப்பலேறி, எந்த ஊரிலோ யார் வயிற்றுக்கோ போயிருக்கும். வளைகுடாவில் பத்து வருஷம் குளிர்கிடங்கில் வேலை பார்த்துவிட்டுக் காயல்பட்டினத்துக்குத் திரும்பி வந்த மனுஷன், எதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியாதவரா? தெரிந்தும் எழுதியிருக்கிறார். உன் யார்டில் இப்போது உன்னிடம் இருக்கிற ஒரே நல்ல சொத்து அந்த ஒரு வரி. அதை எழுதியதற்காகத்தான் நீ அவரை அனுப்பப் போகிறாய்.

கவனிக்காமல் விட்டதற்குத் தண்டனையே இல்லையா என்று கேட்பாய். கேள், கேட்க வேண்டியதுதான். அவரை உட்கார வைத்து, அந்த நாலு மணி நேரமும் எங்கே இருந்தார் என்று கேள். ஒரே ஆள் எத்தனை வரிசை பார்க்கிறார் என்று கேள். அந்த வரிசைக்கு ஜெனரேட்டர் ஏன் எடுக்கவில்லை, இதற்கு முன்னாலும் அப்படி நடந்திருக்கிறதா, அப்போது யாரிடம் சொன்னார் என்று கேள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்போது நீ குறுக்கே பேசாதே. உன் நாக்கைப் பிடித்துக்கொள்வது உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அது என் நாக்கு. மீட்டிங்கில் நீ முதலில் பேசினால் மற்றவன் எல்லாம் உன் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவான். கடைசி வரிசையில் நிற்கிறவனை முதலில் பேசவிடு, நீ கடைசியில் பேசு. முடிவு எடுத்தால் இன்ன காரணத்துக்காக எடுத்தேன் என்று உன் கையால் எழுதி வை. ஆறு மாதம் கழித்துக் காரணம் பொய் என்று தெரிந்தால் முடிவை மாற்று. நான் மாற்றவில்லை. மாற்றாமல் இருந்ததன் அசிங்கம் என்னவென்று எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அது என் வீட்டுக்கு வந்து ஸ்பூனில் சாப்பிடுகிறது.

அந்த விபத்து அறிக்கையின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். என் கையெழுத்துக்குக் கீழே உண்மையான காரணத்தை எழுதி, இன்றைய தேதி போட்டு, மறுபடியும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருக்கும்போது அதை வாசிக்கப் போகிறேன். அப்பாவுக்குச் சொல்லியாகிவிட்டது. உன் மனைவியும் இருக்கட்டும். யாரும் என்னைத் தடுக்க வேண்டாம், தடுத்தாலும் வாசிப்பேன். பிறகு நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது உன் இஷ்டம்.

இன்று காலை இசக்கியிடம் போய் இதைச் சொன்னேன். "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்" என்றான். நான் விடவில்லை. அன்றைக்கு மருமகன் அப்படிச் சொல்லும்போது உனக்குக் கோபமே வரவில்லையா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவன் அந்த மடங்காத விரல்களைத் தடவிவிட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: "அவன் ரொம்பச் சந்தோசமா சிரிச்சிக்கிட்டு இருந்தான். அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

ஐயா, உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற உன் சொந்த மாமனே உன்னிடம் இப்படி ஒன்றை இருபத்தைந்து வருஷம் சொல்லாமல் இருந்திருக்கிறான். யார்டில் எத்தனை பேர் எத்தனை விஷயத்தைச் சொல்லாமல் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்களோ, போய்க் கேள். அந்த வேலைநீக்கக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, காதரிடமிருந்து தொடங்கு.

உன் அம்மா